எந்தத் தாளிலும் இல்லாத வீடு

பார்வை நாள் என்று பெயர்தான். பார்க்க யாரும் வருவதில்லை. நகரத் திட்ட அலுவலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் எட்டுப் பலகைகளை நிறுத்தி, அவற்றில் வரைபடங்களை ஒட்டி, ஒரு மேஜையும் ஒரு கருத்துப் பதிவேடும் போட்டுவிட்டால் சட்டம் திருப்தியாகிவிடும். மேஜைக்குப் பின்னால் உட்கார ஓர் ஆய்வாளர் வேண்டும். மற்றவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிற வேலை அது. இந்த ஆய்வாளர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு முழுப் பகலும் யாரும் பேசாத கூடம் என்பது அவருக்கு விடுமுறை மாதிரி.

அலுவலகத்தில் அவருக்கு மௌனி என்று பேர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துப் பேசாததால் அது நிலைத்துவிட்டது. இருபத்தாறு வருட வேலையில் அந்த மௌனத்தை அவர் நன்றாகத் தீட்டி வைத்திருந்தார். கட்டடக்காரர்கள் வரைபடத்தை விரித்து விளக்குவார்கள். இவர் ஒன்றும் சொல்லாமல் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நிமிடம் தாங்குவார்கள். மூன்றாவது நிமிடம், "சரி சார், வேணும்னா அந்தப் படிக்கட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிடறோம்" என்று தாங்களாகவே இறங்கி வருவார்கள்.

அன்று பலகைகளில் இருந்தவை ஒரு பெரிய நிறுவனத்தின் வளாகத்துக்கான மூன்றாம் கட்ட வரைபடங்கள். நாற்பது ஏக்கர். பழைய கட்டடங்களை இடித்துப் புதியவை எழுப்ப வேண்டும், ஆனால் ஒரு நாள்கூட அலுவலகம் நிற்கக்கூடாது. வீட்டில் ஆட்கள் குடியிருக்கும்போதே அறை அறையாக வெள்ளையடிப்பது போன்ற காரியம். அதனால் நான்கு கட்டங்கள். முதல் கட்டம் அவர் பார்வையில்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் அனுமதி பெற்றது. இரண்டாவதும் அப்படியே. அந்த வளாகத்தின் வடிகால் எந்த மூலையில் திரும்புகிறது என்பதுகூட அவருக்குக் கண்ணை மூடினால் தெரியும். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். கணவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. நிறுவனத்தின் நீலச் சட்டை. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த காகிதங்கள். எட்டுப் பலகைகளையும் ஒவ்வொன்றாக, விரலால் தொட்டபடி பார்த்து முடித்துவிட்டு மேஜைக்கு வந்தாள்.

"எங்க வீடு எதுல இருக்கு சார்?"

"நீங்க எந்தப் பக்கம்?"

"உள்ளேதான். பம்ப் ஹவுஸை ஒட்டி. இவரு அங்க பம்ப் ஆபரேட்டர், பதினேழு வருஷமா. இவரு வால்வைத் திறந்தாத்தான் அந்த ஆபீஸ்ல ஒருத்தர் முகம் கழுவ முடியும். வாயை மட்டும் திறக்க மாட்டாரு."

ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். ஆய்வாளருக்கு அவர்மேல் உடனே ஒரு பிரியம் வந்தது.

எழுந்து போய் ஐந்தாவது பலகையின் முன் நின்றார். பரிசீலனையில் இருக்கிற கட்டம் கறுப்பில், முடிந்துபோன கட்டங்கள் சாம்பல் நிறத்தில். வளாகத்தின் உள்சாலை வடக்கிலிருந்து வந்து ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, சிறிது தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. நடுவில் ஒரு தீவு. அந்தத் தீவில்தான் பம்ப் ஹவுஸ் இருக்க வேண்டும். தாளில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை.

"பழைய தாள்ல இருக்கும்" என்றார். மேலே போய் முதல் இரண்டு கட்டங்களின் தாள்களை எடுத்துவந்து மேஜையில் விரித்தார். முதல் கட்டத்தின் எல்லைக்கோடு சாலையின் மேற்கு ஓரத்தோடு நின்றிருந்தது. இரண்டாம் கட்டத்தின் கோடு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து கிழக்கு ஓரத்தோடு நின்றிருந்தது. இரண்டு தாள்களிலும் நடுவில் வெள்ளை.

"இல்ல, இல்லையா?" என்றாள் அவள், பதில் தெரிந்தவளின் குரலில். "கம்பெனியிலயும் இதையேதான் சொன்னாங்க. குவார்ட்டர்ஸ்ல மொத்தம் பன்னிரண்டு குடும்பம் சார். போன வருஷம் பதினொரு குடும்பத்துக்குப் புது பிளாக்ல மாத்து வீடு குடுத்துட்டாங்க, ரெண்டு ரூம் வீடு. எங்களுக்கு மட்டும் கிடையாதாம். உங்க வீட்டை இடிக்கிறதா எந்தப் பிளான்லயும் இல்லையே, அப்புறம் எதுக்கு மாத்து வீடுன்னு கேக்கறாங்க. கேக்கறப்ப நியாயமாத்தான் இருக்கு."

"இடிக்கலைன்னா..."

"இடிக்கல. மூணாம் கட்டம் ஆரம்பிச்சா தண்ணி லைனைப் பிடுங்கறாங்க. கரண்டு போகுது. ரெண்டு பக்கச் சாலையையும் தகரம் வெச்சு அடைக்கறாங்க, இருபது மாசத்துக்கு. வீடு மட்டும் நடுவுல பத்திரமா நிக்கும். நாங்க பறந்து போய்ப் பறந்து வரணும்." உறையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "புது பிளாக்ல ஒரு வீடு காலியா இருக்கு சார், பன்னிரண்டாவது. மூணாம் கட்டத்துக்கு அனுமதி கிடைச்சிட்டா அதை விருந்தாளிங்க தங்கற இடமா மாத்திடுவாங்களாம். அதுக்குள்ள எங்க வீடு ஏதாவது ஒரு தாள்ல வரணும். இடிக்கிறதா போட்டாலும் பரவாயில்ல."

ஆய்வாளர் பேசவில்லை. அவள் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு ஒரு ஜோடி கிடைச்சிட்டாரு" என்றாள்.

கருத்துப் பதிவேட்டில் அவளை எழுதச் சொன்னார். அந்த வருடத்தில் அதில் விழுந்த முதல் கையெழுத்து அது.

அவர்கள் போன பிறகு சாலைப் பிரிவுக்குப் போன் செய்து அந்தத் தீவைப் பற்றிக் கேட்டார். "உள்சாலை எங்களுது இல்லையே" என்று பதில் வந்தது. ஆவண அறைக்குப் போய் முதல் கட்டத்தின் கோப்பை எடுத்தார். எல்லைக்கோட்டைப் பற்றிய கடிதங்களுக்கு நடுவே, நிறுவனம் முதன்முதலில் கொண்டுவந்த தாள் இருந்தது. அதில் கோடு நேராக வந்து பம்ப் ஹவுஸை ஒட்டிய வீட்டின் நடுவே புகுந்து போயிருந்தது. ஓர் அறை முதல் கட்டத்தில், இன்னோர் அறை இரண்டாம் கட்டத்தில். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "எல்லைக்கோட்டைக் கட்டடத்தின் குறுக்கே இழுக்க வேண்டாம். சாலையோரத்தோடு நிறுத்துக." கீழே தேதி. கையெழுத்து அவருடையது.

எல்லைக்கோடு கட்டடத்தை வெட்டக்கூடாது என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் பழக்கமான விதி. சரியான விதியும்கூட. முதல் கட்டக்காரர்கள் சொன்னபடி கோட்டைப் பின்னுக்கு இழுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டாம் கட்டம் மறுபக்கத்திலிருந்து வந்தபோது, அதே விதியை அவர்களுக்கும் சொல்லியிருந்தார். அவர்களும் கோட்டைச் சாலையோரத்தோடு நிறுத்தினார்கள். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு கட்டமும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கோப்பு, தனித்தனி அலமாரி. அப்போதைய பிரிவுத் தலைவர் அந்தக் குறிப்பின் பக்கத்தில் "நல்ல, சுத்தமான எல்லை" என்று பாராட்டி எழுதியிருந்தார். அந்த வரியை ஆய்வாளர் பல வருடம் மறக்காமல் வைத்திருந்தார்.

முதல் கட்டத்துக்கு இடம் பார்க்கப் போன நாள் மெல்ல ஞாபகத்துக்கு வந்தது. பம்ப் ஹவுஸ் பக்கத்தில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சின்னச் சட்டையும் இருந்ததாக ஞாபகம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. தாளில் ஒரு வீட்டின் நடுவே கோடு போவதைப் பார்த்து மனசு சங்கடப்பட்டவர், நேரில் அந்த வீட்டைப் பார்த்தபோது காரின் கண்ணாடியை இறக்கக்கூட இல்லை.

அவர் தன் அக்காவோடு இருந்தார். அக்கா ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். இருவருக்கும் தனித்தனியாகக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மாலையில் அவர் செருப்பைக் கழற்றும் விதத்தைப் பார்த்தே கேட்டாள்.

"என்னடா, இன்னிக்கு வழக்கத்தைவிடக் கம்மியா பேசற?"

"இன்னும் ஒண்ணுமே பேசலையேக்கா."

"அதான் சொல்றேன்."

தேநீர் ஆறுகிறவரை பேசாமல் இருந்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு மைக் குறிப்பையும் சொன்னார். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. கோப்பு அலமாரியில இருக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க."

"சொன்னா?"

"விளக்கம் கேப்பாங்க. அந்த வளாகத்தையே என்கிட்டருந்து எடுத்துடுவாங்க. ஆறு வருஷம் பார்த்தது."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க லேப்ல ஒரு தடவை ரெண்டு குப்பியில லேபிள் மாறிப்போச்சு. நான்தான் மாத்தி ஒட்டினேன்னு போய்ச் சொன்னேன். ஒரு வாரம் யாரும் என்கூட டீ குடிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் குடிச்சாங்க. டீதானே." மறுபடி கத்தியை எடுத்தாள். "ஆனா அந்த ஒரு வாரம் நீளம்தான்டா. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை ஆய்வாளர் அந்தக் கோப்போடு பிரிவுத் தலைவரின் அறையில் உட்கார்ந்தார். இப்போதைய தலைவர் ஒரு பெண்மணி, அவரைவிட நான்கு வருடம் இளையவர். நிறுவனத்தின் ஆர்க்கிடெக்டும் வந்திருந்தான். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். ஆறு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது.

"தீவு விட்டுப்போனது உண்மைதான் சார்" என்றான். "நாலாம் கட்டத்துல சேர்த்துக்கலாம்."

"நாலாம் கட்டம் எப்ப?"

"அஞ்சு வருஷம் ஆகும்."

ஆய்வாளர் தாளைப் பார்த்தபடி மௌனமானார். இரண்டு நிமிடம் போயிற்று. மூன்றாவது நிமிடமும் போயிற்று. நிமிர்ந்து பார்த்தார். ஆர்க்கிடெக்டும் தாளைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தான். ஆறு வருடமாக எதிரில் உட்கார்ந்து வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டான். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் தூங்கி எழுந்ததும் சொல்லுங்க" என்றார் தலைவர். "எனக்கு பதினொரு மணிக்கு வேற கூட்டம் இருக்கு."

ஆர்க்கிடெக்டை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், எல்லையில கை வெச்சா முதல் ரெண்டு அனுமதியும் தப்புன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்தக் குறிப்பை யார் எழுதினதுன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க. அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது பண்ணச் சொல்லி கம்பெனிக்கு வாய்வழியா ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"சொன்னா குடுப்பாங்களா மேடம்?"

தலைவர் நல்ல மனுஷி, பொய் சொல்ல வரவில்லை. "சொல்லிப் பார்ப்பேன்" என்றார்.

வியாழக்கிழமை அனுமதிக் குழு கூடியது. நீள்மேஜை, பன்னிரண்டு நாற்காலி, தண்ணீர்ப் பாட்டில்கள். தலைமை வகித்தவர் ஓய்வு பெற்ற பொறியாளர்; காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். தீயணைப்பு, ஆட்சேபம் இல்லை. வடிகால், ஆட்சேபம் இல்லை. போக்குவரத்து, ஆட்சேபம் இல்லை. கடைசியாகத் திட்ட ஆய்வு. அந்த இடத்தில் பேச்சு வராது என்பது வழக்கம். மௌனியின் மௌனத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று பொருள். குறிப்பெழுதும் எழுத்தர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த இரண்டு வார்த்தைகளையும் முன்னதாகவே தட்டி வைத்திருந்தார்.

ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், கூட்டம் முடிந்துவிடும் என்று ஆய்வாளருக்குத் தெரிந்தது. இதுவரை தான் எதையும் செய்யாமலே எவ்வளவு காரியம் நடந்திருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது வீட்டின் சாவி யாருடைய மேஜையிலோ இருக்கிறது. தலைமை வகித்தவர் அடுத்த தாளைத் திருப்பக் கையை நீட்டினார்.

"ஆட்சேபம் உண்டு" என்றார் ஆய்வாளர்.

எழுத்தரின் விரல்கள் நின்றன.

"என்ன சொன்னார்?" என்றார் தலைமை வகித்தவர், பக்கத்திலிருந்தவரிடம்.

"ஆட்சேபம் உண்டுன்னு சொன்னேங்கய்யா. கம்பெனி மேல இல்ல. என் மேல." எழுந்து நின்றார். பழைய தாளை மேஜையில் விரித்து, ஆறு வருடத்துக்கு முந்தைய தன் குறிப்பை உரக்கப் படித்தார். அதன்மேல் இரண்டாம் கட்டத்தின் தாளை வைத்து, நடுவில் விழுந்த வெள்ளையைக் காட்டினார். "இங்க ஒரு வீடு இருக்கு. ஒரு குடும்பம் இருக்கு. ரெண்டு பக்கத்துலருந்தும் நான்தான் அவங்களை வெளியே தள்ளினேன். அந்த வீட்டைச் சேர்க்காம மூணாம் கட்டத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. அவர் அவ்வளவு பேசியதை அந்த அறை கண்டதில்லை. ஆர்க்கிடெக்ட், தீவில் ஒன்றும் கட்டப்போவதில்லை என்றான். அப்படியானால் தண்ணீர்க் குழாயை ஏன் எடுக்கிறீர்கள் என்று வடிகால் பிரிவு அம்மாள் கேட்டார். பிரிவுத் தலைவர் தலைகுனிந்து குறிப்பேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தீவு மூன்றாம் கட்டத்தில் சேர வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு மாற்று வீடு கொடுத்த பிறகே வேலை தொடங்கலாம். வீட்டை அளந்து வரைந்த தாள் பத்து நாளுக்குள் வர வேண்டும், ஏனென்றால் அதன் அளவு எந்தப் பதிவிலும் இல்லை. முந்தைய பிழைக்கு ஆய்வாளர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அந்தத் தாள் வந்ததும் வளாகத்தின் கோப்பு வேறொருவரிடம் போகும்.

"யாரு அளக்கறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுவரைக்கும் கோப்பு என்கிட்டதானே இருக்கு" என்றார் அவர்.

வெளியே வராந்தாவில் பிரிவுத் தலைவர் அவரைத் தாண்டிப் போனார். நாலடி போய் நின்று, திரும்பாமலே சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் உங்ககிட்டப் பேச மாட்டேன் சார். உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியணும்."

திங்கட்கிழமை காலை அளவு நாடாவும் பலகையும் எடுத்துக்கொண்டு வளாகத்துக்குப் போனார். தீவின் ஒரு பாதியில் பம்ப் ஹவுஸ் உறுமிக்கொண்டிருந்தது. மறுபாதியில் வீடு. செங்கல்லில் இரண்டு அறை. பின்பக்கச் சுவரை ஒட்டி ஹாலோ பிளாக்கில் எழுப்பித் தகரம் போட்ட ஓர் அடுப்படி. ஆபரேட்டரின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"வாங்க சார். இடிக்கறதுக்கு அளக்க வர்றவங்களை இவ்வளவு சந்தோஷமா யாரும் வரவேற்றிருக்க மாட்டாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முன்னறை, நான்கு மீட்டர் இருபதுக்கு மூன்று அறுபது. சுவரில் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாளாம். உள்ளறை, மூன்று அறுபதுக்கு மூன்று இருபது. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து இருபத்தேழு சதுர மீட்டர்கூட வரவில்லை. முப்பதுக்குக் கீழே இருந்தால் ஒற்றை அறை வீடுதான் என்று மாற்று வீட்டு விதியில் இருந்தது.

அடுப்படியும் சேர்ந்தால் தாண்டிவிடும் என்று நாடாவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் ஆபரேட்டர் முதல்முறையாகப் பேசினார்.

"அதை விட்டுடுங்க சார். அது கம்பெனி கட்டினது இல்ல. நான் கட்டினது."

மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "பதினேழு வருஷமா திறக்காத வாயைத் திறக்கற நேரத்தைப் பாருங்க சார். இந்த மனுஷனை வெச்சிக்கிட்டு நான் எப்படிக் குடும்பம் நடத்தறது?"

"உள்ளதைச் சொன்னேன்" என்றார் ஆபரேட்டர்.

ஆய்வாளர் அடுப்படியின் வாசலில் நின்று பார்த்தார். கரி படிந்த சுவர். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். தகரக் கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்ட வெங்காயக் கூடை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியும் காத்திருந்தார்கள்.

"இங்கதான் சமைக்கிறீங்களா?"

"பின்ன, பம்ப் ஹவுஸ்லயா?" என்றாள் அவள்.

"அப்ப இது இருக்கு." பலகையில் தாளைச் சரிசெய்துகொண்டார். "இருக்கா இல்லையான்னுதான் இந்தத் தாள்ல கேக்கறாங்க. யார் கட்டினதுங்கறதுக்கு வேற படிவம். அதை யாராவது கேட்டா, நீங்க இப்ப சொன்ன மாதிரியே சொல்லுங்க."

ஆபரேட்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தரையிலிருந்த வாளியை நகர்த்தி வழி விட்டு, நாடாவின் நுனியை வாங்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனார்.

"நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள் மனைவி. "ரெண்டு அங்குலம் கூட வந்தாலும் நல்லதுதான்."

"இழுத்தா சுவரு நகராது" என்றார் ஆபரேட்டர்.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். நாடா கொஞ்சம் ஆடியது. நிற்கும்வரை பொறுத்திருந்து, குனிந்து எண்ணைப் பார்த்து, மூன்று மீட்டர் நாற்பது என்று எழுதினார். பிறகு பென்சிலை அழுத்திப் பிடித்து, அடுப்படியின் நான்கு பக்கத்தையும் விடுபடாத கோட்டால் வரைந்தார்.